காக்கா எச்சம் என்று நினைத்தேன்

அன்றைக்கு ராத்திரி மருந்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஒரு கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தேன். விடிந்ததும் வடிகட்டி, 20 லிட்டராகக் கூட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து இரண்டு டேங்க் அடித்துவிட வேண்டும் என்பது கணக்கு.

அடிக்கவேண்டியது எலுமிச்சைக் கன்றுகளுக்கு. சொக்கம்பட்டிப் பக்கம் ஒண்ணேகால் ஏக்கரில், 18 அடி இடைவெளியில் 170 கன்று வைத்திருக்கிறேன். ஆடியில் வைத்தது, புரட்டாசியில் நல்லாத் தளிர் விட்டது. தளிர் விட்ட மறுவாரமே புழு. ராத்திரி பார்த்த இளந்தளிர் காலையில் வெறும் நரம்பாக நிற்கும். புளியங்குடி எலுமிச்சைச் சந்தையை நம்பி மரம் வைக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

அப்போதுதான் தென்காசியிலிருந்து நண்பர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவும் கையுமாக வண்ணத்துப்பூச்சிகளின் பின்னால் அலைகிறவர்.

“அண்ணாச்சி, நாளைக்கு வெயில் நல்லா இருக்கும் போலிருக்கு. குத்தாலத்துல கூட்டமும் இருக்காது. வாரியளா?”

“நாளைக்கு மருந்தடிப்பு இருக்கு சார்.”

“என்ன மருந்து?”

“வேப்பங்கொட்டைதான். எலுமிச்சையில புழு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: “அந்தப் புழுவ ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு வாங்க. பாத்துட்டு அப்புறம் அடிக்கலாம்.”

ஊறிய பருப்பு வீணாகிறதே என்று மனசுக்குள் ஒரு குறை. இருந்தாலும் டார்ச் அடித்து, கைப்பேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். இலையின் மேல் காக்கா எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று. அடுத்த கிளையில் பச்சையாக, விரல் மொத்தத்தில் ஒன்று. இரண்டும் வேறு வேறு பூச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

வெயிலுக்குக் காத்திருப்பு

காலை 7 மணிக்குத் தென்காசியில் இறங்கி, நண்பருடைய ஸ்கூட்டரில் குற்றாலம் போனோம். சாரல் முடிந்து, ஐப்பசி மழை பிடிக்காத நாட்கள் அவை. அருவியில் தண்ணீர் கொஞ்சம்தான், கடைகளில் பாதி மூடிக் கிடந்தன. ஐந்தருவிச் சாலையில், தோட்டக்கலைத் துறையின் சூழல் பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தினார்.

ஒன்றையும் காணோம். நான் செடி செடியாகத் தேடினேன். அவர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, கொண்டுவந்த காபியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வெயில் ஏறட்டும் அண்ணாச்சி. அதுக உடம்புல நம்மள மாதிரி சொந்தச் சூடு கிடையாது. றெக்கைய விரிச்சு வெயில் காஞ்ச பிறகுதான் பறக்க முடியும்.”

எட்டரை மணிக்கு மலை மேட்டைத் தாண்டி வெயில் விழுந்தது. சொல்லிவைத்த மாதிரி, வேலியோரத்து உண்ணிச்செடியில் நாலைந்து வந்து உட்கார்ந்தன. சிறகை முழுக்க விரித்து அசையாமல் இருந்தன. படம் எடுக்க அதுதான் நல்ல நேரம் என்றார். பத்து மணிக்கு மேல் சூடேறிவிட்டால் ஓர் இடத்தில் நிற்காதாம்.

என் முதல் பத்துப் படங்களில் வெறும் பூதான் இருந்தது. நான் கிட்டே போனதும் பூச்சி போய்விடும். காரணத்தையும் அவரே காட்டினார். என் நிழல் அதன் மேல் விழுகிறது. நிழல் விழுந்தால் பறவையோ ஓணானோ வருகிறது என்று அது பறந்துவிடும். சூரியன் நமக்குப் பக்கவாட்டில் இருக்கிற மாதிரி நின்று, குனிந்து, கையை நீட்டி நீட்டிப் பின்னிழுக்காமல் மெல்ல நெருங்க வேண்டும். சிறகின் மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம். பல வகைகளுக்கு மேலே ஒரு நிறம், அடியில் வேறு நிறம். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் அன்றைய நாள் முழுக்கக் கூட வந்தது: “பூவுல உக்காந்தத எல்லாரும் எடுப்பாங்க. இலையில உக்காந்தா விடாதீங்க. அந்த இலையையும் சேத்து எடுங்க.”

பூ எதுவானாலும் சரி, இலை அப்படியில்லை

பட்டாம்பூச்சிக்கு வாயில் ஓர் உறிஞ்சுகுழல் மட்டும்தான். அதனால் இலையைக் கடிக்க முடியாது. தேன் எந்தப் பூவில் கிடைத்தாலும் குடித்துக்கொள்ளும். ஆனால் முட்டை வைக்க மட்டும் ரொம்பக் கண்டிப்பு. புழு எந்த இலையைத் தின்னுமோ அந்த இலையில்தான் வைக்கும். சரியான இலைதானா என்று முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். நமக்கு நாக்கு செய்கிற வேலையை அதற்குக் கால் செய்கிறது.

இதை அங்கேயே நேரில் பார்த்தேன். கறுப்புச் சிறகு, முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் ரத்தச் சிவப்பாகப் பொட்டுகள், உடம்பும் சிவப்பு. வேலியில் ஏறியிருந்த ஒரு கொடியைச் சுற்றி அவசரமே இல்லாமல் மிதந்தது. மற்ற செடிகளைத் தொட்டுத் தொட்டு விலகி, அந்தக் கொடியில் மட்டும் வால்பக்கத்தை வளைத்து ஒரு முட்டை வைத்தது.

கொடி என்னவென்று பார்த்தால் ஈஸ்வரமூலி. நம் கரிசல் பக்கத்து ஆடுதீண்டாப்பாளையின் சொந்தக்காரச் செடி. நாமெல்லாம் ஆடு தின்னாத இலைகளைப் பறித்துத்தானே பூச்சிவிரட்டிக் கசாயம் போடுகிறோம்? நொச்சி, எருக்கு, வேம்பு, ஆடாதோடை, ஆடுதீண்டாப்பாளை. அந்த ஆடுதீண்டாப்பாளைதான் இந்தப் பூச்சியின் பிள்ளைகளுக்குச் சோறு. இலையில் இருக்கிற நஞ்சைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. தொடாதே என்று சொல்லத்தான் அந்தச் சிவப்பு. பயமில்லாததால் மெதுவாகப் பறக்கிறது.

பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று வந்தது. படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் உடம்பு கறுப்பு. “அது வேஷக்காரி” என்று சிரித்தார் நண்பர். கறிவேப்பிலை அழகியின் பெண்ணாம். அதற்குச் சொந்தமாக நஞ்சு கிடையாது. நஞ்சுள்ள பூச்சியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பறவையை ஏமாற்றுகிறது. இந்த இனத்தில் பெண்கள் மூன்று உருவத்தில் வருகின்றன. ஓர் உருவம் ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் இரண்டு வேறு நச்சுப் பூச்சிகளின் நகல். நம் வீட்டுக் கொல்லைக் கறிவேப்பிலையில் இலையைக் கடித்து ஓட்டை போடுகிற புழு இதனுடைய பிள்ளைதான்.

தலைக்கு மேலே மரத்து உச்சியில் ஒரு குருவி அளவுக்கு, கறுப்பும் மஞ்சளுமாக ஒன்று போனது. பொன்னழகி. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. 2020-ல் இமயமலைப் பகுதியைச் சேர்ந்த அதன் உறவு ஒன்று அளவில் முந்துவது வரைக்கும், இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பெயர் இதற்குத்தான் இருந்தது. அதன் புழுவுக்கும் ஈஸ்வரமூலிக் குடும்பத்துச் செடிதான் வேண்டும். அவ்வளவு பெரிய அழகு, வேலியில் கிடக்கிற ஒரு கொடியை நம்பி இருக்கிறது. வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று அரிவாளை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் எதை எதை வெட்டியிருப்பேன் என்று அப்போது யோசித்தேன்.

கிலுகிலுப்பையில் ஒரு திருவிழா

பழைய குற்றாலம் போகிற வழியில், சாலையோரத் தரிசில் கிலுகிலுப்பைச் செடிகள். நெற்று காய்ந்து, ஆட்டினால் சலங்கை மாதிரிச் சத்தம் வரும். அதில் நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டமாக மொய்த்துக் கிடந்தன. முப்பது வரைக்கும் எண்ணினேன். பூவில் தேன் குடிக்கவில்லை. வாடிய இலையையும் தண்டையும் காலால் சுரண்டி, கசிகிற சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பெரும்பாலும் ஆண்கள் என்றார் நண்பர். அந்தச் சாற்றில் இருக்கிற வேதிப்பொருளை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கிற வாசனையைத் தயாரிக்கின்றனவாம். தேள்கொடுக்குச் செடியிலும் இதே மாதிரி மொய்க்கும்.

எனக்குச் சட்டென்று நம் சணப்பு ஞாபகம் வந்தது. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறோமே, அந்தச் சணப்பும் கிலுகிலுப்பை இனம்தான். பூ எடுத்ததும் மொத்தத்தையும் மடக்கி உழுதுவிடுகிறோம். சத்து மண்ணுக்குப் போக அதுதான் சரியான பருவம், அதில் தப்பில்லை. ஆனால் வரப்போரமாக ஒரு வரிசையை விட்டுவைத்தால் நமக்கு விதைக்கும் ஆச்சு, இவைகளுக்கும் ஆச்சு.

இந்த வரியன்களும் கருப்பன்களும் ஊர்விட்டு ஊர் போகிற கூட்டம். தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டத் தொடங்கும் முன்னால் கிழக்கே சமவெளிப் பக்கம் ஆயிரக்கணக்கில் பறந்து போகும், மழைக்காலம் போன பிறகு திரும்பும். மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் இருப்பது நம் தோட்டங்களும் வயல்களும்தான். அவை தேன் குடித்து இளைப்பாறுகிற சத்திரம் நம் வரப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈர மணலில் உப்பு

பதினோரு மணிக்குச் சிற்றாற்றங்கரையில் ஓர் ஈர மணல் திட்டு. கொன்னை வெள்ளையன்கள் இருபது இருபத்தைந்து, ஒரே திசையில் முகத்தை வைத்துச் சிறகைக் கூட்டி உட்கார்ந்திருந்தன. யாரோ வெளிர் மஞ்சள் காகிதத்தைக் கிழித்து மணலில் செருகியது போல இருந்தது. இங்கே நிழல் விழுந்தாலும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து எடுத்தேன். அன்றைக்கு எனக்கு அமைந்த நல்ல படம் அதுதான்.

இவை குடிப்பது தண்ணீருக்காக மட்டும் அல்ல, உப்புக்காக. பூந்தேனில் இனிப்பு உண்டு, உப்பு இல்லை. ஆண்கள் ஈரமண்ணிலிருந்து உப்புச் சத்தை எடுத்துச் சேர்த்து, இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைக்குப் போய்ச் சேருகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கின இடத்தில் பட்டாம்பூச்சி உட்காருவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குக் காரணம் எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

அந்தத் திட்டுக்குக் கீழே, ஆட்கள் குளித்த இடத்தில் ஷாம்பு நுரை மிதந்து வந்தது. அருவியில் சோப்பு, எண்ணெய், ஷாம்பு கூடாது என்று தடை இருக்கிறது. காலி பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் இருக்கின்றன. அந்தத் தண்ணீர்தான் கீழே இறங்கி வயலுக்குப் போகிறது என்பதை அங்கே குளிக்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் மேலே போனால் இன்னும் நிறைய வகை பார்க்கலாம். ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. நாங்கள் சாலையை விட்டு இறங்கவில்லை. அடிவாரத்து மர நிழலிலேயே அன்றைக்கு அதிர்ஷ்டம் வாய்த்தது. ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், சரசரவென்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. “தமிழ் மறவன்!” என்று நண்பர் கத்தியேவிட்டார். 2019-ல் நம் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. இதன் புழுவுக்கு நீரடிமுத்து மரத்தின் இலை வேண்டும். அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்த மரம் அது.

மறவனை எடுக்கிறேன் என்று நான் கைப்பேசியை உயர்த்திய நேரத்தில், பின்னால் வைத்திருந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. படமும் ஆரஞ்சுக் கோடாகத்தான் விழுந்திருக்கிறது.

பப்பாளியில் ஒரு குரங்கு முகம்

சாப்பாடு போனதால் இலஞ்சிக்கு வந்து ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். கடைக்குப் பின்னால் ஒரு பப்பாளி மரம், இலையடி முழுக்க மாவுப்பூச்சி. கடைக்காரர் ஒரு தடவை சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்து விட்டுவிட்டாராம்.

நண்பர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ளே பெரிய மாவுப்பூச்சி மாதிரி ஒன்று மெல்ல நகர்ந்தது. உடம்பு முழுக்க வெள்ளை மாவு. “இது மாவுப்பூச்சி இல்ல அண்ணாச்சி. அதத் திங்குற புழு. ஒரு பட்டாம்பூச்சியோட புள்ள.”

நான் நம்பவில்லை. பட்டாம்பூச்சிப் புழு இலைதானே தின்னும்? இது விதிவிலக்கு. ஆங்கிலத்தில் ஏப்ஃபிளை என்று பெயர். பறக்கிற பூச்சி சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அதன் புழு இலையைத் தொடாமல் மாவுப்பூச்சியை மட்டும் தின்று வளர்கிறது. மாவுப்பூச்சியின் மாவையே மேலே பூசிக்கொண்டு ஒளிந்திருக்கிறது. பக்கத்துக் காம்பில் அதன் கூடு ஒன்றும் இருந்தது. நெல்மணியைவிடக் கொஞ்சம் பருமன். லென்ஸில் பார்த்தால் கண், மூக்கு எல்லாம் வைத்த மாதிரி அச்சு அசல் குரங்கு முகம். காலையில் சோற்றைப் பறித்த குரங்கும் மத்தியானம் பார்த்த குரங்கும் சேர்ந்து அன்றைய கணக்கு நேராகிவிட்டது.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதை நம் மூத்த வாசகர்களுக்கு மறந்திருக்காது. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே ஆட்டிவைத்தது. எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து பெருக்கி விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. அந்தக் குளவி வருவதற்கு முன்னாலும் பின்னாலும் சம்பளமில்லாமல் இந்தக் குரங்குமுகக்காரனும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் என் பப்பாளியில் மாவுப்பூச்சி வந்தபோது மீன் எண்ணெய் சோப்புக் கரைசலைப் பீய்ச்சி அடித்துக் கழுவினேன். “சில மாவுப்பூச்சி எவ்வளவு பெரிசா இருக்கு பாரு” என்று வீட்டில் காட்டினதுகூட ஞாபகம் இருக்கிறது.

என் புழு யார்?

அப்புறம்தான் ராத்திரி எடுத்த படங்களைக் காட்டினேன். நண்பர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். காக்கா எச்சம் மாதிரி இருந்ததும் பச்சையாக இருந்ததும் ஒரே பூச்சி. எலுமிச்சை அழகியின் புழு. சின்ன வயசில் எச்சம் மாதிரி வேஷம், பறவை தின்னாது. வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், ஒரு வாடை அடிக்கும்.

காலையில் வெயிலில் சிறகு விரித்து உட்கார்ந்திருந்த மஞ்சள் கறுப்புப் பூச்சியை நான் ஆறு படம் எடுத்திருந்தேன். “அதோட புள்ளையத்தான் நீங்க நாளைக்கு அடிக்கப் போறிய” என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். “அதுக்காக 170 கன்றையும் தின்னக் குடுக்கச் சொல்லுதியளா சார்? கன்றுக்கு நான் காசு குடுத்திருக்கேன்.”

“யாரு குடுக்கச் சொன்னா? எத்தன கன்றுல இருக்கு?”

எண்ணவில்லை. எண்ணாமலேதான் 20 லிட்டர் கலக்கியிருந்தேன். வங்கியில் இருந்த காலத்தில், பயிர்க்கடன் கணக்கில் உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று பூச்சி வருமுன்னமே தொகை போட்டிருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுப் பழகின கை. இயற்கை விவசாயத்துக்கு வந்து டேங்குக்குள் இருக்கிறதை மாற்றிவிட்டேன். பார்க்காமல் அடிக்கிற பழக்கத்தை மாற்றவில்லை.

நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், நண்பர்களே. வேப்பங்கொட்டைக் கரைசல் ரசாயனத்தைவிட எவ்வளவோ மேல். தேனீ, பறவை, மனுஷன், மண் எதற்கும் அந்த அளவு கேடு இல்லை. ஆனால் தெளித்த இலையைத் தின்கிற புழு எந்தப் புழு என்று அது பார்ப்பதில்லை. பி.டி. பாக்டீரியாவும் அப்படித்தான். படைப்புழுவும் சாகும், எலுமிச்சை அழகியின் புழுவும் சாகும். இயற்கை மருந்து என்பதால் பார்க்காமல் அடிக்கலாம் என்று ஆகிவிடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பட்டாம்பூச்சியும் சாது இல்லை. மாதுளைக் காயைத் துளைப்பது ஒரு பட்டாம்பூச்சியின் புழுதான். துவரை, அவரைப் பூவையும் காயையும் குடைகிற சின்ன நீலப் பட்டாம்பூச்சி உண்டு. வாழை இலையைச் சுருட்டுகிறதும் உண்டு. ஆனால் நெல்லில் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, மக்காச்சோளத்தில் படைப்புழு என்று நம்மை நட்டப்படுத்துகிற பெரும் படை அந்துப்பூச்சிகளின் பிள்ளைகள். பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை நாம் களை என்று சொல்கிற செடியைத் தின்றுவிட்டுப் போகின்றன.

“மகரந்தச் சேர்க்கைக்கு உதவுமே, அதனால காப்பாத்தணும்னு சொல்லலாமா சார்?” என்று கேட்டேன். “சொல்லலாம். ஆனா தேனீ அளவுக்கு இல்ல. கூட்டிச் சொல்லாதீங்க” என்றார். பட்டாம்பூச்சி பறக்கிற தோட்டம் என்றால், அங்கே புழு தின்ன நஞ்சில்லாத இலை இருக்கிறது, வேலியில் பலவகைச் செடி இருக்கிறது என்று அர்த்தம். அது நம் தோட்டத்துக்குக் கிடைக்கிற சான்றிதழ். எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம்.

மறுநாள்

ஊறின வேப்பம்பருப்பைத் தென்னைத் தூரில் கொட்டினேன். காலை ஆறரைக்கு ஒரு நோட்டும் பழைய டப்பாவும் எடுத்துக்கொண்டு கன்று கன்றாகப் போனேன். இரண்டு மணி நேரம் ஆனது. 170 கன்றில் புழு இருந்தது 38-ல். மொத்தம் 61 புழு. மற்ற 132 கன்றுக்கும் நான் சும்மா அடித்திருப்பேன்.

61-ஐயும் இலையோடு கிள்ளி எடுத்து, கிணற்றோரத்தில் நிற்கிற இரண்டு பழைய நாட்டு எலுமிச்சை மரத்தில் விட்டேன். வளர்ந்த மரத்துக்குப் பத்து முப்பது புழு ஒரு பொருட்டே இல்லை. கன்றுக்கும் நாற்றங்காலுக்கும்தான் இது பிரச்சினை. சில புழு கொம்பை நீட்டிப் பயம் காட்டியது. அந்த வாடை மத்தியானம் வரை விரலில் இருந்தது.

அடுத்த மூன்று வாரமும் தளிர் வருகிற வரைக்கும் நாலு நாளைக்கு ஒரு தடவை இதே வேலை. ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்தது. தளிர் நுனியில் மஞ்சள் முத்து மாதிரி ஒற்றை ஒற்றையாக இருந்த முட்டைகளில் சில கறுத்துப் போயிருந்தன. அது முட்டை ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கும் என்றார் நண்பர். நாம் காசு கொடுத்து அட்டையில் வாங்குகிற அதே இனம். பழைய மரத்தில் விட்டவைகளில் பாதிக்கு மேல் பறவைக்கும் குளவிக்கும் போனது. கடைசியில் நான் எண்ணிய கூடு ஒன்பது.

நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று கன்று இரண்டாவது தளிரையும் இழந்தது. அவை இப்போதும் மற்றதைவிட ஒரு சாண் குட்டையாகத்தான் நிற்கின்றன. பத்து ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு இப்படிக் கையால் பொறுக்கக் கட்டுபடியாகுமா என்றால், ஆகாதுதான். அவர் அடிக்க வேண்டியிருந்தால் புழு இருக்கிற கன்றுக்கு மட்டும் அடிக்கலாம். எண்ணிப் பார்ப்பது எல்லோருக்கும் கட்டுபடியாகும்.

ஒன்பது கூட்டில் ஒன்றை நாள்தோறும் போய்ப் பார்த்தேன். ஒருநாள் காலையில் கூடு வெறும் தோலாகத் தொங்கியது. பக்கத்துக் குச்சியில் ஈரச் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு எலுமிச்சை அழகி உட்கார்ந்திருந்தது. நிழல் விழாமல் பக்கவாட்டில் நின்று படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். “இலையும் விழுந்திருக்கு, நல்ல படம்” என்று பதில் வந்தது.

அடுத்த தடவை டேங்கைத் தோளில் மாட்டும் முன்னால் நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கன்று கன்றாக நடந்து பாருங்கள்.

நம் தோட்டத்தில் எந்தச் செடிக்கு யார் வருவார்?

• எலுமிச்சை, நாரத்தை, வில்வம்: எலுமிச்சை அழகி.

• கறிவேப்பிலை: கறிவேப்பிலை அழகி. மேலே எட்டாத கிளைகளை அவைகளுக்கு விட்டுவிடலாம்.

• எருக்கு: வெந்தய வரியன். கசாயத்துக்குப் பறிக்கும்போது இலையடியைப் பார்த்துப் பறிக்கவும்.

• ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி: சிவப்பு உடம்புள்ள கறுப்புப் பட்டாம்பூச்சிகள். மலையடிவாரமானால் பொன்னழகியும் வரலாம்.

• சரக்கொன்றை: கொன்னை வெள்ளையன்.

• அரளி: வெண்புள்ளிக் கருப்பன்.

• ஆமணக்கு: பொறிப்பயிராக வைக்கிற ஆமணக்கில் முள்ளுள்ள பச்சைப் புழு ஒன்றிரண்டு தனியாக இருந்தால் அது பட்டாம்பூச்சியுடையது. ரோமம் மூடிய முட்டைக் குவியலும், கூட்டமாகச் சுரண்டுகிற புழுக்களும் புரோடீனியா. அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடவும்.

• மா: இலை நடுநரம்போடு ஒட்டி, இருபுறமும் இறகு மாதிரி முள் விரித்துப் படுத்திருக்கும் பச்சைப் புழு. மரத்துக்குச் சேதம் இல்லை.

• மாமரத்துப் புல்லுருவி: சிறகின் அடியில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் உள்ள பட்டாம்பூச்சி. அதன் புழுக்கள் புல்லுருவி இலையைத்தான் தின்கின்றன. மாவிலையைத் தொடுவதில்லை.

• வரப்பில் வெட்டுக்காயப் பூண்டு: தேனுக்காகப் பல வகையும் வரும். பயிருக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் விட்டுவைக்கலாம்.